டேட்டாபேஸ் சர்வருக்கு எந்த ஓஎஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டாபேஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. புதிதாக சர்வர் வாங்குகிறவர்கள் ஒருமுறையாவது போன் போட்டு இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுவார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசிப் பேசி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன். நான் தினமும் கையாள்வது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வரும். மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதைப் போடுவது?

லினக்ஸ்தான். டெபியன் ஸ்டேபிள், உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட காலப் பராமரிப்புப் பதிப்பு), இல்லையென்றால் ரெட் ஹாட் குடும்பத்தில் ஒன்று (ரெட் ஹாட், ராக்கி, அல்மா). இந்த மூன்றில் உங்கள் ஆட்களுக்கு எது கைப்பழக்கமோ அதைப் போடுங்கள். மூன்றும் புதிது என்றால் டெபியன் போடச் சொல்வேன். ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் போன்றவற்றுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. அந்தந்த நிறுவனம் எந்த ஓஎஸ்களுக்குச் சான்று கொடுத்திருக்கிறதோ அதற்குள்தான் தேர்வு. ஆரக்கிளை டெபியனில் எப்படியோ ஓடவைத்துவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். பிரச்சினை வந்து சப்போர்ட்டுக்கு டிக்கெட் போடும்போது அந்தக் கெட்டிக்காரத்தனம் உதவாது.

எந்த ஓஎஸ்ஸிலும் டேட்டாபேஸ் ஓடத்தானே செய்கிறது?

ஓடும். கரண்ட் போனால் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

ஒருவர் பணம் கட்டுகிறார். டேட்டாபேஸ் ‘கமிட் ஆச்சு’ (பதிவு உறுதி) என்கிறது. அந்த நொடியில் அந்த விவரம் டிஸ்கில் இருக்கிறதா? டேட்டாபேஸ் எழுதச் சொன்னதை, ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொள்ளும், சாவகாசமாகத்தான் டிஸ்குக்கு அனுப்பும். ‘அதெல்லாம் முடியாது, இப்போதே எழுது, எழுதி முடித்துவிட்டு வந்து சொல்’ என்று டேட்டாபேஸ் கெர்னலை நிர்ப்பந்திக்கிற அழைப்புக்குப் பெயர் எஃப்சிங்க். அதற்கு கெர்னல் ‘சரி’ என்று பதில் சொன்ன பிறகே ‘கமிட் ஆச்சு’ என்ற செய்தி வெளியே வரும். உங்கள் பில்லும் சம்பளக் கணக்கும் ஸ்டாக்கும் அந்த ஒரு ‘சரி’யை நம்பித்தான் நிற்கின்றன. ஓஎஸ்ஸைப் பற்றி யார் என்ன புகழ்ந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இந்த ‘சரி’ உண்மையா, எழுத முடியாமல் போனால் அதை நமக்கு எப்படிச் சொல்கிறது?

மேக்கில் டெவலப் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேக்ஓஎஸ்ஸில் சாதாரண எஃப்சிங்க், டிஸ்குக்குள் இருக்கும் கேஷ் (தற்காலிக நினைவகம்) வரை காலி செய்வதில்லை. அதற்குத் தனி அழைப்பு இருக்கிறது. ‘என் மேக்புக்கில் இதைவிட வேகமாக ஓடுகிறதே’ என்று சர்வரைத் திட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

லினக்ஸே எஃப்சிங்கில் பொய் சொன்னது என்று கேள்விப்பட்டேன். நிஜமா?

பொய் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவைதான் சொல்லும், காதில் விழாவிட்டால் மறுபடி சொல்லாது, அந்த ரகம்.

2018 மார்ச்சில் கிரெய்க் ரிங்கர் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் இதைக் கிளப்பினார். டிஸ்கில் எழுதும்போது பிழை வந்தால் எஃப்சிங்க் ‘தவறிவிட்டது’ என்று திரும்பும். சரி, இன்னொரு தடவை முயலலாம் என்று போஸ்ட்கிரெஸ் மறுபடி எஃப்சிங்க் கேட்கும். அப்போது கெர்னல் ‘எல்லாம் சரி’ என்றது. எழுதி முடித்ததால் அல்ல. பிழையை முதல் தடவையே சொல்லியாகிவிட்டது, ரேமில் டேட்டா இருந்த அந்தப் பக்கங்களையும் ‘எழுத வேண்டியது பாக்கியில்லை’ என்று குறித்துவிட்டது. இரண்டாவது பதிலை நம்பி போஸ்ட்கிரெஸ் செக்பாயின்ட்டை (இதுவரை வந்ததெல்லாம் டிஸ்கில் சேர்ந்தது என்ற குறியை) முடித்துக்கொள்ளும். மாற்றங்களைக் குறித்து வைத்திருந்த, மீட்க உதவியிருக்கும் லாக்கையும் கழித்துவிடும். டேட்டா போயே போய்விட்டது, ஒருவருக்கும் தெரியாது.

சுமார் 20 வருடமாக போஸ்ட்கிரெஸ் இந்தத் தவறான நம்பிக்கையில் ஓடியிருக்கிறது என்பதுதான் பலரையும் அதிரவைத்தது. 2019 பிப்ரவரியில் வந்த 11.2 முதலிய திருத்தப் பதிப்புகளில் மருந்து வந்தது. எஃப்சிங்க் ஒரு தடவை தவறினாலும் மறுமுயற்சி கிடையாது. சர்வர் தானே விழுந்து, கடைசி செக்பாயின்ட்டிலிருந்து லாக்கை வாசித்து எழும். கேட்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் சரியான முடிவு. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம்: கெர்னல் லாக்கில் டிஸ்க் பிழை ஒன்று வந்தாலும் என் போனுக்கு அலர்ட் வரவேண்டும். சிபியு 90 சதவீதம் போனால் வருகிற அலர்ட்டைவிட இது முக்கியம்.

அப்படியானால் ஃபிரீபிஎஸ்டி போடலாமா? அதில் இந்தப் பிரச்சினை இல்லையாமே.

ஃபிரீபிஎஸ்டி லினக்ஸ் அல்லாத இன்னொரு ஓஎஸ். இந்த ஒரு விஷயத்தில் அது நேர்மையானது. எழுதத் தவறிய பக்கத்தை ‘இன்னும் பாக்கி’ என்றே வைத்திருக்கும், மறுபடி கேட்டால் மறுபடி முயலும். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) அதன் உடம்போடு ஒட்டியது, லினக்ஸில் லைசென்ஸ் சிக்கலால் வெளியிலிருந்து சேர்க்கவேண்டியிருப்பதைப் போல அல்ல. எனக்குப் பிடித்த ஓஎஸ்.

இருந்தும் வாடிக்கையாளருக்கு நான் அதைப் போட்டதில்லை. ராத்திரி 2 மணிக்கு நான் போனை எடுக்காவிட்டால், உடனே கைவைக்கத் தெரிந்த இன்னொரு ஆள் அந்த ஊரில் கிடைக்கவேண்டும். லினக்ஸுக்கு பத்துப் பேர் கிடைப்பார்கள். உங்கள் குழுவில் இரண்டு பேருக்கு அது அத்துப்படி என்றால் தயங்காமல் போடுங்கள்.

ஓஎஸ் உண்மை பேசினாலும் டிஸ்க் ஏமாற்றினால்?

ஏமாற்றும். விலை குறைந்த டிஸ்குகள் தம் கேஷில் வாங்கிக்கொண்டே ‘எழுதியாச்சு’ என்று சொல்வது உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸோடு வருகிற பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் என்ற சின்னக் கருவியை ஓட்டிப் பாருங்கள். நொடிக்கு எத்தனை எஃப்சிங்க் ஆகிறது என்று எண் வரும். சுழலும் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. ஒரே இடத்தில் மறுபடி மறுபடி எழுதவேண்டுமானால் சுற்றுக்கு ஒரு தடவைதான் முடியும். அந்த டிஸ்க் நொடிக்கு 4000 என்று காட்டினால் நடுவில் பேட்டரி வைத்த ரெய்டு கார்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் கார்டு) இருக்கிறது, இல்லையேல் யாரோ புளுகுகிறார்கள்.

எஸ்எஸ்டியில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கேட்கவேண்டியது ‘பவர் லாஸ் புரொடெக்ஷன்’ இருக்கிறதா என்று. கரண்ட் போனதும் உள்ளே இருக்கிறதை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்சாரம் வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் அவை. கடைக்காரர் ‘இதுவும் சர்வர் டிஸ்க்தான் சார்’ என்பார். மாடல் எண்ணை வாங்கி நீங்களே தேடிப் பாருங்கள்.

டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் குடும்பம்: இவற்றுக்குள் எப்படித் தேர்வது?

வேகத்தைப் பார்த்து அல்ல. மூன்றிலும் ஓடுவது அதே லினக்ஸ் கெர்னல். காலண்டரைப் பாருங்கள்.

டெபியனுக்கு முதல் மூன்று வருடம் முழுப் பராமரிப்பு, அதன்மேல் இரண்டு வருடம் எல்டிஎஸ் குழுவின் பராமரிப்பு. உபுண்டு எல்டிஎஸ் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், 5 வருடம் இலவசம், உபுண்டு புரோ சேர்ந்தால் 10. ரெட் ஹாட் 10 வருடம், ராக்கியும் அல்மாவும் அதே கணக்கில் போகின்றன. போஸ்ட்கிரெஸ்ஸோ ஒரு பெரிய பதிப்புக்கு 5 வருடம்தான் திருத்தம் தருகிறது. 10 வருட ஓஎஸ் போட்டாலும் நடுவில் டேட்டாபேஸைக் கட்டாயம் மாற்றவேண்டியிருக்கும். அதனால் 10 வருடம் என்ற எண்ணில் எனக்கு அவ்வளவு மயக்கம் இல்லை. எட்டாம் வருடத்தில் அந்த சர்வரை நிறுவியவர் வேறு கம்பெனியில் இருப்பார், அப்கிரேடு என்றாலே எல்லோருக்கும் பயமாக இருக்கும்.

காலண்டரையும் முழுக்க நம்ப முடியாது என்பதற்கு ரெட் ஹாட்டின் இலவச நகலாக இருந்த சென்ட்ஓஎஸ் 8 சாட்சி. 2019 செப்டம்பரில் வந்தது. 2029 வரை ஓடும் என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். 2020 டிசம்பர் 8 அன்று, 2021 கடைசியோடு நிறுத்துகிறோம் என்று அறிவிப்பு. அதற்குச் சில நாள் முன்புதான், 2020 நவம்பரில், சென்ட்ஓஎஸ் 6-ன் ஆயுள் முடிந்திருந்தது. ஆறிலிருந்து எட்டுக்கு அடித்துப்பிடித்து மாறியவர்கள் மூச்சு விடுவதற்குள் அடுத்த மாற்றம். அந்தக் காலியிடத்தில்தான் 2021-ல் அல்மாவும் ராக்கியும் வந்தன. 2023 ஜூனில் ரெட் ஹாட் தன் சோர்ஸ் கோடைப் பொதுவில் வைப்பதையும் சுருக்கிக்கொண்டது. அல்மா அதன்பின் அச்சு அசல் நகல் என்ற இலக்கை விட்டு, அதில் ஓடுவது இதிலும் ஓடும் என்ற அளவுக்கு மாற்றிக்கொண்டது. நடைமுறையில் டேட்டாபேஸுக்கு இதனால் தொந்தரவு வந்து நான் பார்க்கவில்லை.

எதைப் போட்டாலும் டேட்டாபேஸை ஓஎஸ்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எடுக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் திட்டமே ஆப்ட் (டெபியன், உபுண்டு), யம் (ரெட் ஹாட் குடும்பம்) என்ற நிறுவும் கருவிகள் இரண்டுக்கும் தனிக் களஞ்சியம் நடத்துகிறது. அதிலிருந்து எடுத்தால் ஓஎஸ் காலண்டரும் டேட்டாபேஸ் காலண்டரும் ஒன்றையொன்று இழுக்காது.

கெர்னல் புதிது என்றால் நல்லதுதானே?

டேட்டாபேஸ் சர்வரில் நான் முதல் ஆளாக எதையும் போடுவதில்லை. ஸ்டேபிள் என்று பெயர் இருந்தாலும் கூட. 2023 டிசம்பர் 9 அன்று டெபியன் 12.3 வரவேண்டியது. 6.1.64 கெர்னலில் ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல்சிஸ்டத்தின் டேட்டாவைக் கெடுக்கும் பிழை இருப்பது கடைசி நேரத்தில் தெரிந்து, வெளியீட்டை நிறுத்தி, மறுநாள் நேராக 12.4 கொடுத்தார்கள். நிறுத்தியதற்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் அந்த இடைவெளியில் அவசரப்பட்டு அப்டேட் போட்டவர்களும் இருந்தார்கள். செக்யூரிட்டி அவசரம் இல்லாவிட்டால் கெர்னல் அப்டேட்டை ஒரு வாரம் டெஸ்ட் சர்வரில் ஊறப்போட்டுவிட்டுத்தான் பெரிய சர்வருக்கு விடுவேன்.

ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ். எதில் ஃபார்மேட் செய்வது?

டெபியனிலும் உபுண்டுவிலும் ஈஎக்ஸ்டி4 தானாக வரும், ரெட் ஹாட்டில் 7 முதல் எக்ஸ்எஃப்எஸ். வந்ததை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் பழுத்தவை. எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. அதை மட்டும் பார்ட்டிஷன் போடும்போது யோசியுங்கள்.

இசட்எஃப்எஸ் கொஞ்சம் கவனம் கேட்கும். ஒவ்வொரு பிளாக்கையும் செக்சம் (சரிபார்ப்பு எண்) போட்டுச் சரிபார்க்கும், டிஸ்க் ஓசையில்லாமல் கெட்டுப்போவதைக் கண்டுபிடிக்கும், நொடியில் ஸ்னாப்ஷாட் எடுக்கும். ஆனால் அதன் ரெக்கார்டு அளவு இயல்பில் 128 கேபி, போஸ்ட்கிரெஸ் பக்கமோ 8 கேபி, மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி பக்கம் 16 கேபி. அப்படியே விட்டால் 8 கேபி மாற்றத்துக்கு 128 கேபியைப் படித்துத் திரும்ப எழுதும். தேங்காய்ப் பத்தைக்காக முழுத் தேங்காயை உடைக்கிற கதை. அளவைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். இசட்எஃப்எஸ்ஸும் பிழையற்றதல்ல. 2023 நவம்பரில் ஓபன்இசட்எஃப்எஸ் 2.2.0-வில் காப்பி எடுத்த ஃபைல்களில் துண்டு துண்டாகப் பூஜ்யங்கள் நிரம்புகிற பிழை வெளிப்பட்டு 2.2.2-ல் சரிசெய்தார்கள்.

பிடிஆர்எஃப்எஸ்ஸை டேட்டாபேஸுக்கு வேண்டாம் என்பேன். எழுதும்போதெல்லாம் புது இடத்தில் எழுதுவதால் டேட்டாபேஸ் ஃபைல் சிதறிப்போகும். அதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது, அந்த வழியில் போனால் செக்சம் போய்விடும். பிறகு எதற்கு அது?

ஃபைல்சிஸ்டம் எதுவானாலும் போஸ்ட்கிரெஸ்ஸின் சொந்த செக்சம் இயங்கட்டும். 18-ஆம் பதிப்பில் அது தானாகவே வருகிறது, அதற்கு முந்தையவற்றில் கேட்டு வாங்கவேண்டும்.

ஓஎஸ்ஸை மட்டும் அப்கிரேடு செய்கிறேன், டேட்டாபேஸ் பதிப்பு அதேதான். இதில் என்ன ஆபத்து?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நானே மாட்டிக்கொண்ட இடம்.

உபுண்டு 18.04 சர்வர் ஒன்று. புது சர்வரில் 22.04 போட்டு, அதை ரெப்ளிகாவாக (மாற்றங்களை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் நகலாக) ஓடவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாற்றிவிட்டோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு ஒரே பெருமை. மூன்றாவது வாரம் கணக்குப் பார்க்கிற அம்மா போன் செய்தார்: “சார், பில் இல்லைன்னு காட்டுது. ஆனா அதோட பிரிண்ட் என் கையிலயே இருக்கு.” உள்ளே போய்ப் பார்த்தால் பில் டேபிளில் இருக்கிறது, பில் நம்பர் போட்டுத் தேடினால் வருவதில்லை. இன்னும் தோண்டினால் ஒரே பில் நம்பர் இரண்டு தடவை ஏறியிருக்கிறது, அதுவும் ஒரே மதிப்பை இரண்டு தடவை ஏற்காத யூனிக் இன்டெக்ஸ் இருக்கிற காலத்தில்.

காரணம் டேட்டாபேஸில் இல்லை. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று போஸ்ட்கிரெஸ் தானாக முடிவு செய்வதில்லை, ஓஎஸ்ஸோடு வருகிற அடிப்படை நிரல்தொகுப்பான ஜிலிப்சி லைப்ரரியைக் கேட்கும். 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28-ல் அந்த வரிசை பெரிய அளவில் மாறியது. சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு ஃபைலில் 1-1 என்று ஒரு வரி, 11 என்று ஒரு வரி. ஆங்கில யுடிஎஃப்-8 லொகேலில் (மொழி அமைப்பில்) சார்ட் கமாண்ட் கொடுங்கள். பழைய ஓஎஸ் 11-ஐ முதலில் வைக்கும். புதியது 1-1-ஐ முதலில் வைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் பில் நம்பர்கள் எல்லாவற்றிலும் நடுவில் ஒரு சின்னக் கோடு இருந்தது.

இன்டெக்ஸ் என்பது அகராதி மாதிரி, வரிசையாக அடுக்கி வைத்தது. பழைய வரிசையில் அடுக்கிய அகராதியில் புது வரிசைப்படி தேடினால் தப்பான பக்கத்தைத்தான் புரட்டும். ‘இல்லை’ என்று சொல்லும். இல்லாததால் மறுபடி ஏற்றிக்கொள்ளும்.

உபுண்டு 18.04-லிருந்து 20.04-க்கு, டெபியன் 9-லிருந்து 10-க்கு, ரெட் ஹாட் 7-லிருந்து 8-க்கு, அமேசான் லினக்ஸ் 2-லிருந்து 2023-க்கு: இவை எல்லாமே அந்த 2.28 கோட்டைத் தாண்டுகிற பயணங்கள். தாண்டினால் எழுத்து வகை இன்டெக்ஸ்கள் அத்தனையையும் மறுபடி கட்டவேண்டும். எண் வகை இன்டெக்ஸ்களுக்கு ஒன்றும் ஆகாது. பழைய ஓஎஸ், புது ஓஎஸ் இரண்டுக்கும் நடுவே ஃபைலோடு ஃபைலாக ரெப்ளிகா ஓட்டினால், ரெப்ளிகா பக்கம் முதல் நாளிலிருந்தே தப்பு. போஸ்ட்கிரெஸ் 15 முதல் டேட்டாபேஸின் வரிசைப் பதிப்பு மாறியிருந்தால் எச்சரிக்கை வருகிறது. அதைக் கண்டால் லாக்கைப் பெருக்குகிற குப்பை என்று தள்ளிவிடாதீர்கள்.

வரிசையை ஓஎஸ்ஸிடமிருந்தே பிடுங்கிவிட முடியாதா?

முடியும். போஸ்ட்கிரெஸ் 15 முதல் முழு டேட்டாபேஸுக்கும் ஐசியு லைப்ரரியின் வரிசையை வைக்கலாம் (ஆஸ்பத்திரி ஐசியு அல்ல, யூனிகோடு லைப்ரரி). 17-ல் ஓஎஸ்ஸையும் வெளி லைப்ரரியையும் நம்பாத உள்கட்டிய வரிசை ஒன்று வந்திருக்கிறது. அது யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும்.

தமிழ்ப் பெயர்கள் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கவேண்டும். யூனிகோடு எண் வரிசையில் ல, ள, ழ, வ என்று போகும். நம் நெடுங்கணக்கிலோ ல, வ, ழ, ள. அதனால் எண் வரிசையில் பழம் முன்னால் வரும், பவளம் பின்னால் போகும். எந்தத் தமிழ் அகராதியிலும் அது தலைகீழ். நான் செய்வது இது: டேபிளும் இன்டெக்ஸும் எண் வரிசையில் இருக்கட்டும், அது எந்த ஓஎஸ்ஸுக்குப் போனாலும் மாறாது. திரையில் பட்டியல் காட்டுகிற இடத்தில் மட்டும் ஐசியுவின் தமிழ் வரிசையைக் கேட்டு அடுக்குகிறேன்.

டாக்கரில் ஓட்டினால் ஓஎஸ் பற்றிய கவலை இல்லைதானே?

கவலை இரண்டாகப் பிரிகிறது. டாக்கர் கன்டெய்னர் என்பது நிரலை அதற்கு வேண்டிய லைப்ரரிகளோடு கட்டிய பெட்டி. அதற்குக் கெர்னல் கிடையாது, எஃப்சிங்க், மெமரி எல்லாம் அடியில் இருக்கும் ஓஎஸ்ஸின் கையில். ஜிலிப்சி மட்டும் கன்டெய்னரின் அச்சான இமேஜுக்குள்ளிருந்து வரும். 2023-ல் அதிகாரப்பூர்வ போஸ்ட்கிரெஸ் இமேஜின் அடித்தளம் டெபியன் 11-லிருந்து 12-க்கு மாறியது. இமேஜின் பெயர்ச்சீட்டான டேகில் பதிப்பு எண் மட்டும் போட்டு, டெபியன் பெயரைப் போடாதவர்களுக்கு அடுத்த தடவை இமேஜை இழுத்ததும் ஜிலிப்சி 2.31-லிருந்து 2.36-க்குத் தாவியிருந்தது. டேகில் டெபியன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஆல்பைன் இமேஜ் சின்னதாக இருக்கிறது என்று மாறாதீர்கள். அதில் மஸ்ல் என்ற வேறு லைப்ரரி, அதன் வரிசையே வேறு.

64 ஜிபி ரேம் இருக்கிறது. மெமரியில் என்ன பார்க்கவேண்டும்?

லினக்ஸ், கையில் இருப்பதைவிட அதிகமாக மெமரி தருவதாக வாக்குக் கொடுக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க வந்துவிட்டால் ஓஓஎம் கில்லர் ஏதோ ஒரு புராசஸைக் கொல்லும். போஸ்ட்கிரெஸ்ஸின் ஒரே ஒரு கனெக்ஷனைக் கொன்றாலும், பகிர்ந்த மெமரி கெட்டிருக்கலாம் என்ற பயத்தில் அது எல்லாக் கனெக்ஷன்களையும் அறுத்துவிட்டு மீட்புக்குப் போகும். பயனாளிக்கு ‘சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகுது’ என்று தெரியும். டேட்டாபேஸுக்கென்றே இருக்கிற சர்வரில் ஓவர்கமிட் மெமரி என்ற கெர்னல் அமைப்பை 2 ஆக்குங்கள். கொல்வதற்குப் பதிலாக ‘மெமரி இல்லை’ என்ற பிழை அந்த ஒரு குவெரிக்கு மட்டும் வரும்.

அடுத்தது ஹியூஜ் பேஜஸ், அதாவது பெரிய மெமரிப் பக்கங்கள். ஷேர்டு பஃபர் (எல்லாக் கனெக்ஷன்களும் பகிர்ந்துகொள்ளும் மெமரி) 16 ஜிபி வைத்தீர்கள் என்று கொள்ளுங்கள். கெர்னல் அதை 4 கேபி பக்கங்களாக நிர்வகித்தால் சுமார் 42 லட்சம் பக்கம். பக்கத்துக்கு 8 பைட் குறிப்பு என்றால் முழுப் பஃபரையும் தொட்ட ஒரு கனெக்ஷனுக்கு 32 எம்பி, அப்படி 200 கனெக்ஷனுக்கு 6 ஜிபிக்கு மேல். இது வழக்கமான ரிப்போர்ட்டுகளில் டேட்டாபேஸின் செலவாகத் தெரியாது. 2 எம்பி பக்கங்களாக மாற்றினால் 8192 பக்கத்தோடு முடிந்தது. ஆனால் பெயரில் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜஸ் வேறு சாமான். கெர்னல் தானாகப் பக்கங்களைச் சேர்த்துப் பெரிதாக்க முயல்கிறது, அந்த நேரத்தில் டேட்டாபேஸ் திக்கும். ஆரக்கிளும் ரெடிஸும் அதை அணைக்கத்தான் சொல்கின்றன, நானும் அணைத்துவிடுகிறேன்.

ஆட்டோமேடிக் அப்டேட் வைக்கலாமா?

ஓஎஸ்ஸின் செக்யூரிட்டி அப்டேட்டுக்கு வைக்கலாம். டேட்டாபேஸ் பேக்கேஜை அதிலிருந்து விலக்கி வையுங்கள். ஒருமுறை விலக்க மறந்துவிட்டேன். காலை ஆறரைக்கு டேட்டாபேஸ் தன்னைத்தானே அப்டேட் செய்து ரீஸ்டார்ட் ஆனது. ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரிய ரிப்போர்ட் முடியப் பத்து நிமிடம் இருந்தது.

எங்கள் ஆபீஸ் முழுக்க விண்டோஸ். விண்டோஸ் சர்வரிலேயே போட்டால் என்ன?

எஸ்கியூஎல் சர்வர் என்றால் தாராளமாக. 2017 பதிப்பிலிருந்து அது லினக்ஸிலும் ஓடுகிறது (ரெட் ஹாட், உபுண்டு), ஆனாலும் விண்டோஸ் கற்ற குழுவை அதற்காக லினக்ஸுக்கு இழுக்கவேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ்ஸும் 2005-ல் வந்த 8.0 முதல் விண்டோஸில் நேரடியாக ஓடுகிறது. கனெக்ஷனுக்கு ஒரு புராசஸ் என்பது அதன் அமைப்பு. விண்டோஸில் புராசஸ் தொடங்குவது கனம், அதனால் நூற்றுக்கணக்கில் கனெக்ஷன் என்றால் பூலர் (சில கனெக்ஷன்களைப் பலருக்குப் பகிர்ந்து தரும் இடைநிரல்) வைக்கவேண்டும். ஆன்டிவைரஸிடம் டேட்டா ஃபோல்டரைத் தொடாதே என்று சொல்லிவையுங்கள். அது ஒரு ஃபைலைப் பூட்டிப் பிடித்துக்கொண்டால் டேட்டாபேஸ் பிழை கொடுக்கும், நீங்கள் ஒரு நாள் முழுக்க டிஸ்கைச் சந்தேகப்படுவீர்கள்.

கிளவுடில் நிர்வகிக்கப்படும் டேட்டாபேஸ் வாங்கிவிட்டால்?

ஓஎஸ் உங்கள் கைக்கே வராது, இந்தப் பக்கத்தில் பாதி தேவையில்லை. மாதக் கட்டணம் கட்டுப்படியாகி, டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) வைக்க முடியாத சின்ன நிறுவனம் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். விர்ச்சுவல் மெஷின் வாங்கி நீங்களே நிறுவுவதானால் ஒரே எச்சரிக்கை: மெஷினோடு ஒட்டி வருகிற லோக்கல் என்விஎம்இ டிஸ்க் வேகத்தில் மயக்கும், மெஷினை நிறுத்தினால் அதிலிருப்பது போய்விடும்.

எங்களிடம் இன்னும் சென்ட்ஓஎஸ் 7 ஓடுகிறது. எங்கிருந்து தொடங்க?

அதன் ஆயுள் 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது, ஆகவே இந்த மாதமே தொடங்குங்கள். இருக்கிற இடத்திலேயே ஓஎஸ்ஸை மேலேற்ற வேண்டாம். சென்ட்ஓஎஸ் 7-ல் இருப்பது ஜிலிப்சி 2.17, எங்கே போனாலும் அந்த 2.28 கோட்டைத் தாண்டித்தான் ஆகவேண்டும். புது சர்வரில் புது ஓஎஸ், புது போஸ்ட்கிரெஸ். டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி எடுக்காமல், டம்ப் (டேட்டாவின் ஏற்றுமதி ஃபைல்) எடுத்து ஏற்றுங்கள். இன்டெக்ஸ்கள் புது வரிசையில் தாமாகவே கட்டப்படும். யூனிக் இன்டெக்ஸ் கட்டும்போது டூப்ளிகேட் என்று பிழை வந்தால் பதற வேண்டாம், பழைய சர்வரில் ஒளிந்திருந்தது இப்போதாவது வெளியே வந்தது. டம்புக்கு நேரம் போதாத அளவு பெரிய டேட்டாபேஸ், போஸ்ட்கிரெஸ் 10 அல்லது அதற்கு மேல் என்றால் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (ஃபைலாக அல்லாமல் வரி வரியாக மாற்றங்களை அனுப்பும் முறை) இருக்கிறது. சீக்வென்ஸ் (அடுத்த எண்ணைத் தரும் கவுன்டர்) மதிப்புகள் அதோடு சேர்ந்து வராது, மாற்றுகிற அன்று அவற்றைக் கையால் ஏற்றவேண்டும்.

மாற்றிய பிறகு பழைய சர்வரை ஒரு மாதம் அழிக்காதீர்கள். நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, ‘தொடாதே’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.